வயதுக்கு நான்கு மீட்டர்

ஜூலை மாதத்தில் மங்கோலியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறார்கள். மல்யுத்தம் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. நான் வில் பார்க்கப் போனேன். அதிலும் குறிப்பாக, குழந்தைகள் கையில் இருக்கும் வில்லைப் பார்க்க. ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் முதன்முதலாக வில்லைக் கொடுப்பது எப்படி, குறியை எவ்வளவு தூரத்தில் வைப்பது, பக்கத்தில் யார் நிற்பது என்பதற்கெல்லாம் பல நூறு ஆண்டுப் பழக்கம் உள்ள ஒரு நாடு என்ன பதில் வைத்திருக்கிறது என்று நேரில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நம் ஊர்களிலும் இப்போது வில்வித்தை வகுப்புகள் பெருகிவருகின்றன. கோடை விடுமுறை முகாம்களில் நீச்சலுக்கும் சதுரங்கத்துக்கும் அடுத்தபடியாக வில்லும் சேர்ந்துவிட்டது. சேர்ந்தது நல்லதுதான். ஆனால் சில முகாம்களில் பார்த்த காட்சி மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் பழகும் வில்லை ஒரு சிறுமி தோள் நடுங்க இழுக்கிறாள். குறி எங்கோ எட்டாத தொலைவில் நிற்கிறது. அம்பு பாதி வழியில் விழுகிறது. பின்னால் நிற்கும் அப்பா கைபேசியில் படம் எடுத்தபடியே “இன்னும் இழு, இன்னும் இழு” என்கிறார். அப்படித் தொடங்கிய பிள்ளைகளில் பலர் இரண்டாவது வாரம் வருவதில்லை. வில் அவர்களுக்குப் பிடிக்காமல் போகவில்லை. அவர்கள் அளவுக்கான வில்லை யாரும் கொடுக்கவில்லை.

உலான்பாட்டரின் புதிய விமான நிலையம் ஊருக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போல் தள்ளி இருக்கிறது. 2021இல் திறக்கப்பட்டது, செங்கிஸ்கான் பெயர் தாங்கியது. அங்கிருந்து நகரத்துக்கு வரும் சாலையின் இருபுறமும் புல்வெளி. மரமே கிடையாது. வேலி கிடையாது. தொலைவில் குதிரைக் கூட்டம் ஒன்று மேய்கிறது, அதற்கு அப்பால் வெள்ளைக் கூடாரம் ஒன்று, அதற்கும் அப்பால் மலை. தூரத்தைக் கண்ணால் அளந்து பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருக்க முடியாது என்று தோன்றியது. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் உள்ள நகரம். கோடையிலும் காலையில் குளிர்கிறது. பொழுது சாய இரவு ஒன்பது மணி ஆகிறது. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம். அதில் பாதிப் பேர் இந்த ஒரே நகரத்தில் இருக்கிறார்கள்.

ஜூலை 11 முதல் அங்கே நாடாம் திருவிழா. 1921 புரட்சியின் நினைவாக அரசு விழாவாக நடப்பது. விளையாட்டுகளின் வேரோ அதைவிட மிகப் பழையது. மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை என்று மூன்று போட்டிகள். 2010இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. தொடக்க நாளில், வெண்குதிரை மயிரால் ஆன ஒன்பது கொடிக்கம்பங்களை அரசு மாளிகையிலிருந்து குதிரை வீரர்கள் விளையாட்டரங்குக்கு எடுத்துவருகிறார்கள். சாலையோரம் நிற்கும் கூட்டம் அப்படியே அமைதியாகிறது. கொடிகள் கடந்த பிறகுதான் ஆரவாரம்.

பெரிய அரங்கில் மல்யுத்தம் தொடங்கியதும் கூட்டம் முழுவதும் அங்கே போய்விடும். வில் எய்யும் திடல் பக்கத்திலேயே தனியாக இருக்கிறது. இங்கே நெரிசல் இல்லை. அகன்ற கை வைத்த டீல் என்னும் நீண்ட அங்கி, இடுப்பில் பட்டுக் கச்சை, தலையில் தொப்பி, முன்கையில் தோல் காப்பு என்று ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்கிறார்கள். மங்கோலியர் இந்த மூன்றையும் ஆண்களின் விளையாட்டுகள் என்றே காலங்காலமாகச் சொல்லிவந்தாலும், வில் திடலில் பெண்களின் வரிசையும் உண்டு. ஆண்கள் 75 மீட்டரிலிருந்து 40 அம்புகள் எய்கிறார்கள். பெண்கள் 65 மீட்டரிலிருந்து 20 அம்புகள்.

குறி என்று அவர்கள் வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒலிம்பிக்கில் பார்க்கும் வண்ண வட்டப் பலகையை எதிர்பார்த்துக் கண் தேடியது. இங்கே வட்டமும் இல்லை, பலகையும் இல்லை. தோல் வாரால் பின்னிய சின்னஞ்சிறு உருளைகள், ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் அளவு, தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாழ்ந்த சுவர். உருளைக்குச் சூர் என்று பெயர். நடுவில் உள்ளவை சிவப்பு. 75 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் புல்லின்மேல் ஒரு கோடு கிழித்தது போலத்தான் தெரிகிறது. அம்பின் முனையும் கூர்மையானது அல்ல. எலும்பைக் கடைந்து செய்த மொட்டை முனை. அது பட்டதும் சூர் தெறித்து உருளும். பட்டது, படவில்லை என்ற இரண்டே தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைச் சொல்பவர்கள் குறிக்குப் பக்கவாட்டிலேயே, சில அடி தள்ளி நிற்கிறார்கள். அம்பு வரும் திசையைப் பார்த்தபடி, அசையாமல். அம்பு சூரில் பட்டால் இரு கையையும் வானை நோக்கி உயர்த்தி, “ஊஹாய்” என்று ராகம் இழுத்துப் பாடுகிறார்கள். அது வெற்றி முழக்கம் மட்டுமல்ல. எய்யப் போகிறவருக்கு உற்சாகம் கொடுக்கவும் அதே ராகம்தான். ஒருவர் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, குரல் மெல்ல ஏறி இறங்குகிறது. எதிர் அணிக்காரராக இருந்தாலும் ராகம் குறைவதில்லை.

என்னோடு வந்த வழிகாட்டி கல்லூரியில் படிக்கும் பெண். சின்ன வயதில் வில் பழகியவர். “குழந்தைகளுக்கு எவ்வளவு தூரம்?” என்று அவரிடம் கேட்டேன். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்று ஏதாவது ஓர் அளவு சொல்வார் என்று நினைத்தேன். அவர், “எந்தக் குழந்தை? என்ன வயது?” என்று திருப்பிக் கேட்டார். பிறகு விளக்கினார். பையனானால் வயதை நான்கால் பெருக்க வேண்டும். பெண்ணானால் மூன்றால். வருகிற எண்தான் மீட்டர்.

இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த செய்தி இதுதான். ஏழு வயதுப் பையன் 28 மீட்டரில் நிற்கிறான். அதே வயதுச் சிறுமி 21 மீட்டரில். பத்து வயதில் 40, 30. பதினான்கில் 56, 42. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வயது கீறிய கோடு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பையனின் குறி நான்கு மீட்டர், பெண்ணின் குறி மூன்று மீட்டர் பின்னால் போகிறது. பதினெட்டு வயதில் பையன் 72 மீட்டருக்கு வந்து சேர்கிறான். பெரியவர்களின் 75 மீட்டருக்கு அங்கிருந்து மூன்றே மீட்டர். குழந்தையாக இருந்தவன் என்றைக்குப் பெரியவர்கள் வரிசையில் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. திடுமென்று ஏற வேண்டிய படி எதுவும் அந்த வழியில் இல்லை.

நகரத்துத் திடலில் கேட்ட கணக்கை நேரில் பார்க்க, வெளியூர் நாடாமுக்குப் போனோம். தலைநகரில் நடப்பது போலவே ஒவ்வொரு மாவட்டத்திலும் வட்டத்திலும் கோடையில் சிறிய நாடாம் நடக்கிறது. தார்ச்சாலை முடிந்து, மண்தடம் புல்வெளியில் பத்துக் கிளையாகப் பிரிகிறது. ஓட்டுநர் எதைப் பார்த்து வழி பிடிக்கிறார் என்பதே புரியவில்லை. மேடு ஒன்று ஏறி இறங்கியதும் கீழே திருவிழா. கூடாரங்கள், நூற்றுக்கணக்கில் குதிரைகள், லாரிகள், எண்ணெயில் பொரியும் ஹூஷூர் வாசனை. இறைச்சியை மாவில் மடித்துப் பொரிப்பது ஹூஷூர். நாடாமுக்கு வந்தவர் அதைத் தின்னாமல் போகக் கூடாது. உப்புப் போட்ட பால் தேநீரும், புளித்த குதிரைப்பாலான ஐரக்கும் கேட்காமலே கைக்கு வரும்.

வில் திடலுக்குக் கயிறுகூடக் கட்டவில்லை. ஆனால் குறிக்கு நேராகவோ குறிக்குப் பின்னாலோ ஒரு நாய்க்குட்டியும் போகவில்லை. போகக் கூடாது என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. பெரியவர்களின் சுற்று முடிந்ததும் பிள்ளைகளின் முறை. நடுவர் ஒருவர் கையில் நாடாவோடு குறியிலிருந்து நடந்துவந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் வயதைக் கேட்டு, காலால் புல்லில் கோடு கீறினார். பிள்ளைகள் அந்தக் கோட்டில் போய் நின்றபோது முகத்தில் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது.

அதில் ஒரு சிறுமியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயது, ஆகவே 24 மீட்டர். நீல நிற டீல், இரட்டைச் சடை. பக்கத்தில் அவளுடைய தாத்தா. வில்லைக் கையில் கொடுப்பதற்கு முன் அவர் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். முதலில் அவளுடைய இடது கைச் சட்டையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இழுத்துவிட்டு, மடிப்பில்லாமல் தடவி, அதன்மேல் தோல் காப்பைக் கட்டினார். டீலின் கை அகலமானது. நாண் திரும்பும்போது துணியில் சிக்கினால் அம்பு தடுமாறும், கையிலும் சுளீரென்று படும். முடிச்சுக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது போலும், அவிழ்த்து மறுபடி கட்டினார். அடுத்து வலது கைக் கட்டைவிரலுக்குச் சின்னத் தோல் உறை. அதற்குப் பிறகு வில். சிறிய, இலேசான வில். அம்பில்லாமல் அவள் நாணை இழுத்தாள். கன்னம்வரை வந்ததும் தாத்தா கையால் சைகை காட்டினார்; அவள் நாணை விடவில்லை, இழுத்த அதே நிதானத்தில் திரும்பக் கொண்டுவந்தாள். வெற்று நாணைச் சுண்டிவிட்டால் அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுவதும் வில்லுக்குள்ளேயே பாய்ந்து அதைப் பிளந்துவிடும். இப்படி இழுப்பதும் இறக்குவதுமாகச் சில தடவை. அவளுடைய முழங்கை நடுங்குகிறதா என்று மட்டும் அவர் பார்த்தார். நடுங்கவில்லை. அப்போதுதான் அம்பு.

நாணை அவள் இழுத்த விதம் நம் வகுப்புகளில் கற்றுத்தருவது அல்ல. ஒலிம்பிக் முறையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றாலும் நாணைப் பற்றுவார்கள். மங்கோலியப் பிடியில் நாணை இழுப்பது கட்டைவிரல். கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டி, அதன் நகத்தின்மேல் ஆள்காட்டி விரலை மடித்துப் பூட்டுகிறார்கள். அம்பு வில்லின் வலப்பக்கத்தில் அமர்கிறது. குதிரைமேல் பாய்ந்துகொண்டே எய்கிறவனுக்கு அம்பு நழுவாமல் இருக்க வேண்டும். அதற்கு வாகான பிடி. கட்டைவிரல் இல்லாதவனுக்கு இந்த வில் வெறும் கழி. ஏகலைவனிடம் துரோணர் எதைக் கேட்டார் என்பது நமக்கெல்லாம் கதையாகத் தெரியும். அந்தச் சிறுமியின் தோல் உறை போட்ட கட்டைவிரலைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, கேட்கப்பட்டதன் முழு அளவு எனக்கு உறைத்தது. நம் இதிகாசத்தில் வில் கற்க வந்த பிள்ளையிடம் முதலில் கேட்கப்பட்டது குலம். இந்தப் புல்வெளியில் நடுவர் கேட்டது வயது ஒன்றைத்தான்.

அவளுடைய முதல் அம்பு சூர்ச் சுவருக்கு மேலே பறந்துபோனது. இரண்டாவது முன்னாலேயே புல்லில் குத்தியது. தாத்தா வாயே திறக்கவில்லை. மூன்றாவது அம்புக்கு முன் நடுவர்கள் “ஊஹாய்” பாடத் தொடங்கினார்கள். சற்று முன் பெரிய வில்லாளிகளுக்குப் பாடிய அதே ராகம், அதே நீளம். குழந்தைதானே என்று குரலைச் சுருக்கவில்லை. அம்பு போய் ஓரத்து உருளையைத் தட்டியது. அது ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. நடுவர்களின் கைகள் மேலே எழுந்தன. அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. அடுத்த அம்பை எடுத்தாள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. தன்னால் எட்டக்கூடிய ஒன்றை எட்டிய பிள்ளைக்குக் குதிக்கத் தோன்றுவதில்லை. மறுபடி செய்யத் தோன்றுகிறது.

போட்டி முடிந்ததும் வழிகாட்டியை வைத்துக்கொண்டு பெரியவரிடம் பேசினேன். முதல் இரண்டு அம்பு தவறியபோது ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். கோட்டில் நிற்கும் பிள்ளையிடம் பேசக் கூடாது என்றார். சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்ல வேண்டும், இங்கே அவள் கண்ணும் கையும் பேசட்டும் என்றார். பிறகு தன் வில்லை எடுத்துக் காட்டினார். மரத்தின் உட்புறம் கொம்பு, வெளிப்புறம் விலங்கின் தசைநார், எல்லாவற்றையும் ஒட்டுவதற்குப் பசை, ஈரம் உள்ளே போகாமல் மேலே பூர்ச்ச மரப்பட்டை. கொம்பு அழுத்தத்தைத் தாங்கும், நார் இழுவிசையைத் தாங்கும். இரண்டும் சேர்வதால் சிறிய வில்லுக்குள் பெரிய விசை அடங்குகிறது. நாணை அவிழ்த்துவிட்டால் வில் எதிர்ப்பக்கமாக வளைந்துகொள்கிறது. இப்படி ஒன்றைச் செய்து, காயவைத்து, பதப்படுத்த மாதக் கணக்கில் ஆகும். “இதைப் பேத்தியிடம் எப்போது கொடுப்பீர்கள்?” என்றேன். இது வளராது, அவள் வளர்வாள், அப்போது கொடுக்கலாம் என்றார்.

மறுநாள் குதிரைப் பந்தயம் பார்த்தபோது இந்த வயதுக் கணக்கின் மூலம் பிடிபட்டது. மங்கோலியப் பந்தயத்தில் குதிரையின் வயதுக்கு ஏற்றபடிதான் தூரம். இரண்டு வயதுக் குட்டிகளுக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் ஓட்டம். முழு வளர்ச்சி அடைந்தவற்றுக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேல். இடைப்பட்ட ஒவ்வொரு வயதுக்கும் தனிப் பந்தயம். இளங்குதிரையை மிஞ்சி ஓட்டினால் அது ஆயுளுக்கும் கெட்டுவிடும் என்பதை மேய்ச்சல் வாழ்க்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வளர்கிற உயிர் எதுவானாலும் அதற்குச் சுமை ஆண்டுக்கு ஆண்டு சிறுகச் சிறுகத்தான் கூட வேண்டும் என்ற அதே அறிவு, குழந்தையின் வில்லுக்கும் வந்திருக்கிறது.

அதே பந்தயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் குதிரைகளை ஓட்டுகிறவர்கள் குழந்தைகள். விழுந்து காயப்பட்ட, உயிரிழந்த பிள்ளைகள் உண்டு. குழந்தை உரிமை பேசுவோர் அங்கே இதை எதிர்த்துக் குரல் கொடுத்துவருகிறார்கள். குதிரையின் வயதை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் பந்தயம், மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வயதை அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். வில் திடலில் நான் கண்ட நிதானம் அங்கே இல்லை.

வில்லும் ஆபத்தில்லாத பொருள் அல்ல. அதை மங்கோலியரின் பழைய நூலே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’ செங்கிஸ்கானின் பிள்ளைப் பருவத்தை விரிவாகப் பேசுகிறது. அப்போது அவர் பெயர் தெமுஜின். பதினோரு வயதில், உறைந்துபோன ஓனோன் ஆற்றின்மேல் விளையாடும்போது ஜமுகா என்ற நண்பனோடு கணுக்கால் எலும்புக் காய்களை மாற்றிக்கொண்டு உடன்பிறவாச் சகோதரர்கள் ஆகிறார்கள். அடுத்த வசந்தத்தில் சிறு வில்களால் எய்து விளையாடுகிறபோது அம்புகளை மாற்றிக்கொள்கிறார்கள். கன்றின் கொம்பில் துளையிட்டுச் செய்த, பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும் அம்பை ஜமுகா தருகிறான். குழந்தைகளின் கையில் வில் நட்பாக இருந்த காட்சி அது.

அதே நூலில், அதே பருவத்தில், இன்னொரு காட்சியும் இருக்கிறது. பிடித்த மீனையும் எய்து வீழ்த்திய வானம்பாடியையும் மாற்றாந்தாய் மகன் பெக்தர் பறித்துக்கொண்டான் என்று தெமுஜினும் தம்பி கசாரும் அவனை முன்னும் பின்னும் நின்று அம்பெய்து கொன்றுவிடுகிறார்கள். வீடு திரும்பிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த உடனே தாய் ஹோலூனுக்கு நடந்தது புரிந்துவிடுகிறது. அவள் பிள்ளைகளைச் சபித்துத் தீர்க்கும் பகுதி அந்த நூலிலேயே கடுமையானவற்றுள் ஒன்று. தந்தை இறந்து, குலம் கைவிட்டுப் போய், பக்கத்தில் நிற்கப் பெரியவர் இல்லாத பிள்ளைகள் கையில் வில் இருந்தது. அந்தச் சிறுமியின் பக்கத்தில் நின்ற தாத்தாவை நினைத்துப் பார்க்கும்போது, வில்லோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது என்ன என்பது விளங்குகிறது.

கசாரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அவன் தன் காலத்துப் பெரும் வில்லாளி ஆனான். அவனுடைய மகன் யெசுங்கே அதைவிடப் பேர் பெற்றான். 1220களின் நடுவில், படையெடுப்பிலிருந்து திரும்பிய செங்கிஸ்கான் கூட்டிய விழாவில் யெசுங்கே 335 பாகம் தூரம் அம்பெய்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். இன்றைய கணக்கில் மொத்தம் 500 மீட்டருக்கும் மேல். அந்தக் கல் இப்போது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மங்கோலிய எழுத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று ஓர் அம்பு பறந்த தூரத்தைப் பற்றியது என்றால், அந்தச் சமூகம் வில்லுக்குக் கொடுத்த இடத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த மரபில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. பையனுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று என்ற வேறுபாடு. எட்டு வயதில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தோள் வலிமையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அது வருவது பருவ வயதுக்குப் பிறகு. அந்த நீல டீல் சிறுமி 32 மீட்டரிலும் நின்றிருப்பாள். சின்ன வயதில் இருபாலருக்கும் ஒரே கணக்கு போதும் என்பேன். ஆனால் வயதுக்கு ஏற்பத் தூரம் என்ற அடிப்படையை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த அடிப்படையை நம் ஊருக்குக் கொண்டுவருவதற்குப் புல்வெளியும் குதிரையும் தேவையில்லை. மூங்கிலை வளைத்து, சணல் கட்டி, ஈர்க்குச்சியை அம்பாக்கி எய்து பார்க்காத பிள்ளை நம் கிராமங்களில் ஒரு காலத்தில் அபூர்வம். ஆர்வம் இங்கேயும் இருக்கிறது. அதை வகுப்பாக நடத்துகிறவர்களுக்கும் பிள்ளையைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள் சொல்லத் தோன்றுகிறது.

வில்லைப் பிள்ளைக்குப் பொருத்துங்கள். பிள்ளையை வில்லுக்குப் பொருத்தாதீர்கள். தொடங்கும் வயதில் பத்து, பதினைந்து பவுண்டு இழுவிசை உள்ள வில் போதும். நாணை முழுவதும் இழுத்து, சில நொடி நடுங்காமல் நிறுத்தி, நிதானமாக இறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வில் கனம். அம்பைக் கையில் கொடுக்க வேண்டாம். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகள் இன்னும் இறுகாதவை. தோளிலும் முழங்கையிலும் வலி என்று பிள்ளை சொன்னால் அது சோம்பல் அல்ல. எந்தக் கண் முதன்மையாகப் பார்க்கிறது என்பதை முதல் நாளே சோதித்துவிடுங்கள்; வலது கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடது கண் முதன்மையாக இருப்பது உண்டு. அப்படியானால் இடது கைக்காரர் போல எய்யப் பழக்கலாம்.

குறியை அருகில் வையுங்கள். மங்கோலியப் பிள்ளை வீட்டிலேயே வில்லோடு வளர்கிறது. அதன் வயதுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐந்து மீட்டரில் தொடங்கினாலும் சரி, பெரிய குறியாக, அடிக்கடி படுகிற குறியாக இருக்கட்டும். கை தேறத் தேற ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர்த்துங்கள். பக்கத்துப் பிள்ளை பத்து மீட்டரில் நிற்கிறானே என்று உங்கள் பிள்ளையைத் தள்ளாதீர்கள். ஒரே திடலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு கீற ஒரு நாடாவும் ஒரு சுண்ணாம்புக் கட்டியும் போதும்.

பாதுகாப்பில் மட்டும் நெகிழ்வு கூடாது. எய்யும் கோட்டைத் தாண்டி ஒருவரும் முன்னால் இருக்கக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் இரண்டு விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் போய் அம்பை எடுக்கலாம். ஐந்து அல்லது அதற்கு மேல் ஊதினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது ஒரே நாளில் மனப்பாடம் ஆகும். அம்பெய்யக் கற்பதற்கு முன் இதைக் கற்கட்டும். வெற்று நாணைச் சுண்டாமல் இருப்பதையும், மனிதரை நோக்கி விளையாட்டுக்கும் வில்லை உயர்த்தாமல் இருப்பதையும் அதே நாளில் சொல்லுங்கள்.

பதக்கம், தரவரிசை, யூடியூப் காணொளி எல்லாம் பிறகு வரட்டும். முதல் ஒன்றிரண்டு ஆண்டு போட்டியே வேண்டாம். பிள்ளை கோட்டில் நிற்கும்போது பின்னாலிருந்து பேசாதீர்கள். அம்பு பட்டால் கை தட்டுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் அம்பு பட்டாலும் அதே அளவு கை தட்டுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் பிள்ளையை வில்வித்தை வகுப்பில் சேர்க்க நினைத்தால், அந்த வகுப்பு எத்தனை சாம்பியன்களை உருவாக்கியது என்று விசாரிப்பதற்கு முன், என் பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு தூரத்தில் குறி வைப்பீர்கள் என்று கேளுங்கள். “எல்லாருக்கும் ஒரே தூரம்தான்” என்று பதில் வந்தால், வேறு வகுப்பைத் தேடுங்கள்.